அடுப்படிக்குப் போகும் சாலை

மீட்டர்காரர் திருமூர்த்தியின் வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே தூரம் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை என்று சிலரும், இல்லையில்லை, சனிக்கிழமை, அன்றைக்குத்தான் பழனி போகிற பஸ்ஸெல்லாம் வழியில் நின்றுபோனது என்று சிலரும் சொல்வார்கள். கிழமையில்தான் சண்டையே தவிர, தூரம் விழுந்ததைப் பற்றி உடுமலைப்பேட்டையில் ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகப்பட்டவர்களும் அந்தத் தூரத்தில் மினிபஸ் ஏறிப் போய் வந்தவர்கள்தான்.

திருமூர்த்தி மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் குறித்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வீட்டுச் சுவரில் எண் ஓடுவதையே ஆயுசில் பாதி பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தனக்காக ஓடுகிற மீட்டர் ஒன்று வேண்டும் என்று தோன்றியதில் தப்பில்லை. எருமைக்கடா மாதிரிக் கறுப்பாக, கிளப்பினால் பக்கத்து வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மாதிரி ஒரு பெரிய மோட்டார்சைக்கிள் வாங்கினார். இரண்டு பக்கமும் தகரப் பெட்டி பொருத்தினார். பின்சீட்டில் கூடாரத்தையும் போர்வையையும் வைத்துக் கட்டினார். வேலையில் இருந்த காலத்திலேயே லீவு கிடைத்தபோதெல்லாம் லீவில் போனார், கிடைக்காதபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்ச்சின் உப்புத் தரைக்குப் போனார், ஒரிசாவின் மழைக்குப் போனார், நாக்பூரின் ஆரஞ்சு வாசனைக்குப் போனார், பனிமலைக் கணவாய்களுக்கு ஒரு தடவை போய்ப் பத்தாமல் திரும்பத் திரும்பப் போனார். போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் சாக்கை விரித்து வண்டியோடு உட்கார்ந்துவிடுவார்: செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார், ஸ்போக்ஸ் கம்பிகளை விரலால் சுண்டி எது தளர்ந்திருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பார், ஆயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிப்பார். உள்ளே அவர் மனைவி மயிலாத்தாள் அதே நேரம் உளுந்து கழுவிக்கொண்டிருப்பாள். தெருவுக்கே இட்லி மாவு அவளுடையதுதான். இரண்டு பேரும் இப்படி ஆளுக்கொரு மூலையில் கழுவிக் கழுவியே பல வருஷம் போயிற்று.

வீடு ரயில்பெட்டி மாதிரி. வாசல், கூடம், படுக்கையறை, கடைசியில் அடுப்படி. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். பின்கதவு கிடையாது. வண்டியை வாசலில் விட்டுத் தூங்க மனசு வராமல், திருமூர்த்தி ஒரு பலகையைப் போட்டுக் கூடத்துக்குள்ளேயே ஏற்றி நிறுத்துவார். ஊருக்குப் போய் வந்தவன் கால் கழுவிவிட்டுத்தான் படியேற வேண்டும் என்பது அந்தச் சீமையில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். சக்கரமும் கால்தானே என்பது மயிலாத்தாளின் கட்சி.

"ஏனுங்க, சக்கரத்துக்கும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தீட்டு ஏத்துங்க."

"சூடா இருக்கற வண்டி மேல தண்ணி படக்கூடாது அம்மிணி. இரும்பு விரிஞ்சு போயிரும். ஆறட்டும், காலையில கழுவிக்கலாம்."

இப்படியாக அவர் ஓட்டிய தூரமெல்லாம், கட்ச்சும் ஒரிசாவும் நாக்பூரும் பனிமலையும், கால் கழுவாமல் கூடத்துக்குள் வந்து சேர்ந்தன. அதனால்தான் அது நடந்தது என்று பிற்பாடு ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. காரணம் தெரிந்து என்ன, நடக்க வேண்டிய தூரம் குறைந்துவிடப் போகிறதா?

கடைசிப் பயணம் முடிந்து வந்த மறுநாள், இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகப் பேர் சொல்லி வலிக்க, திருமூர்த்தி கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மயிலு, காபி" என்றார். "கொண்டாறேனுங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சத்தம்தான் வந்தது. பேப்பர் படித்து முடித்தார், ஒரு தூக்கம் போட்டார், வெயில் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கிப் போயிற்று. மத்தியானம் மயிலாத்தாள் வந்தாள். முந்தானையெல்லாம் புழுதி, நெற்றியில் வைத்த குங்குமம் வியர்வையோடு மூக்கு வரை இறங்கியிருந்தது, கையில் டம்ளர்.

"வீடு நெம்ப நீண்டு போச்சுங்க."

"காலையில கேட்டத மத்தியானம் கொண்டாந்துட்டு வீட்டக் குத்தம் சொல்றியா?"

"வேணும்னா நீங்களே நடந்து பாருங்க."

பச்சைத் தண்ணீராய் ஆறிப்போயிருந்த காபியைக் குடித்துவிட்டு அவர் நடந்து பார்த்தார். படுக்கையறைக் கட்டில் கண்ணுக்குத் தெரிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, திரும்பி வந்துவிட்டார். மயிலாத்தாள் இன்னொரு தடவை சோறு கொண்டுவந்து வைத்தாள், தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதோடு அவள் வரவில்லை.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பயணமாகத் தூரம் தன் மூட்டையை அவிழ்த்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே வீடுதான், அதே ஓடுதான், சந்தில் போகிறவர்கள் குனிந்து பார்த்தால் அதே செருப்புகள்தான். உள்ளே காலை வைத்தால் செம்மண் நிறச் சிமெண்டுத் தரை கண்ணுக்கெட்டிய மட்டும் ஓடியது. இரண்டு பக்கச் சுவர்களும் வயல் வரப்பு மாதிரித் தள்ளிப் போய்விட்டன. கூரை மேலே மேலே போய் ஒருநாள் மேகத்தோடு கலந்துவிட்டது. ஃபர்லாங்குக்கு ஒரு மின்விசிறி மட்டும் வானத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்க வீட்டுக்காரர் பெரிய மனது பண்ணித் தன் சுவரை இடித்து அடுப்படிக்கு வழி செய்து தருவதாகச் சொன்னார். இடித்தார்கள். செங்கலுக்குப் பின்னால் செங்கல், அதற்குப் பின்னால் செங்கல். வண்டி வண்டியாகச் செங்கல் வந்தது, அடுப்படி வரவில்லை. அந்தச் செங்கலில் அவர் மாடி கட்டிக்கொண்டார்.

மயிலாத்தாளுக்குப் போன் போட்டால், வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் சொல்லியது. சொந்த வீட்டு அடுப்படி எந்த எல்லைக்கு வெளியே என்று அந்தக் குரலிடம் திருமூர்த்தி கொஞ்ச நேரம் சண்டை போட்டார்.

ஊர் என்றால் ஊர்தான். முதல் வாரம் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் வாரம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து பார்த்தது, மூன்றாம் வாரம் செருப்பைப் போட்டுக்கொண்டே நடந்தது. தூசியும் ஹாரனும் இல்லாத ரோடு உடுமலையில் வேறெங்கே இருக்கிறது? சர்க்கரை வியாதிக்காரர்கள் விடிகாலையில் நடக்க வந்தார்கள். ஸ்கூட்டர் பழகுகிற பெண்கள் வந்து எட்டுப் போட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள், சுவரோரம் மூட்டுவிரிசலில் நல்ல புல் முளைத்திருக்கிறது என்று ஆடுகளை ஓட்டி வந்தார்கள். காலண்டர் தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே அனிபா ராவுத்தர் பாய்லரை இறக்கி டீக்கடை போட்டார். காலண்டரைப் பார்த்து முகூர்த்த நாள் கேட்கிறவர்களுக்கு அவரே நல்ல நேரமும் சொன்னார். கவுன்சிலர் தனலட்சுமி, தன் வார்டில் இத்தனை நீளமான சாலை தன் காலத்தில்தான் வந்தது என்று வாசலில் போர்டு வைத்தார். அவர் பேசி முடித்து மினிபஸ் ஒன்றையும் வரவழைத்தார். அதற்குக் கண்டக்டர் நாச்சிமுத்து. வாசலில் நின்றுகொண்டு, "அலமாரி, கட்டில், அடுப்படி, அடுப்படி" என்று அவன் கூவுவது தளி ரோடு வரைக்கும் கேட்கும். மைல்கல் நட்டு, 'சமையலறை' என்று பெயிண்டர் எழுதினார். எண்ணை எழுதிவிட்டு ஊருக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் தூரம் கூடியிருந்தது. அழித்து அழித்து எழுதிச் சலித்துப்போய், கடைசியில் எல்லாக் கல்லிலும் 'சமையலறை – நெம்ப தூரம்' என்று எழுதிவிட்டு அவர் வேலையை முடித்துக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து மாவும், சட்டினியும், திருமூர்த்திக்கு மட்டும் ஒரு தூக்குப்போசியில் சோறும் பஸ்ஸில் வந்தன. காலைச் சோறு மறுநாள் சாயங்காலம் வந்து சேரும். வந்ததை நாச்சிமுத்து கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கூடத்தில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தனியாகச் சாப்பிட்டார்.

"அக்காவ பஸ் ஏறி வரச் சொன்னியா?"

"சொன்னேனுங்ணா. வந்தா மட்டும் என்ன பண்றது, ராத்திரிச் சோத்துக்கு நான்தானே மறுபடி அங்க போகோணும்னாங்."

அவர் தூக்குப்போசியின் மூடியைத் திறந்து மூடினார்.

"நீங்க ஒரு நட வாங்ணா. ஜன்னலோரம் எடம் புடிச்சுத் தாரேன்" என்றான் நாச்சிமுத்து.

திருமூர்த்தி அவனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பனிமலையைத் தாண்டி வந்த வண்டியைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, ஒருத்தன் பெண்டாட்டியைப் பார்க்க மினிபஸ்ஸில் போவதா? "இடுப்பு வலி தீரட்டும், வண்டியிலேயே போறேன்" என்றார். இடுப்பு வலி தீருகிற மாதிரி இல்லை. அந்த வலியோடு தினமும் செயினைத் தேய்த்தார்.

ஆவணி பிறந்து ஒரு நாள் தூக்குப்போசி காலியாக வந்தது.

"அக்காவுக்கு மேலுக்கு முடியலீங்ணா" என்றான் நாச்சிமுத்து. "ஆட்டாங்கல்லுப் பக்கத்துலயே பாயப் போட்டுப் படுத்துக்கிட்டாங். காய்ச்சல்னு சொல்ல முடியாதுங், அசதி. கண்ணத் தொறக்கறாங், என்னன்னு கேட்டா மூடிக்கறாங். மருந்துக்கார அம்மாவக் கூட்டிட்டுப் போனேன். படுத்துத் தூங்குனாச் சரியாப் போகுமுன்னு சொல்லீட்டாங்."

"ஒன்னுமே சொல்லலியா?"

"ஒரே ஒரு வார்த்தைங்ணா. அவர வரச் சொல்லுன்னாங்."

இதைக் கேட்ட பிறகு திருமூர்த்தி இடுப்பைப் பார்க்கவில்லை. டயருக்குக் காற்றடித்தார், ஆயில் பார்த்தார், பிளக்கைத் துடைத்து மாட்டினார், கூடத்திலிருந்தபடியே வண்டியைக் கிளப்பி உள்பக்கமாகத் திருப்பினார். காலண்டர் டீக்கடையைத் தாண்டினார், அலமாரி நிறுத்தத்தைத் தாண்டினார், கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார், வழியில் பஸ்ஸை முந்தினார். வாழ்நாளில் அத்தனை வேகமாக அவர் ஓட்டியதில்லை. கட்டிலைத் தாண்டினால் அடுப்படிக் கதவின் நீல வண்ணம் ஒரு பொட்டு மாதிரித் தெரியும் என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தான். தெரிந்தது. பொட்டு பொட்டாகவே இருந்தது. விடிந்தது, பொட்டு இருந்தது. இருட்டியது, மறுபடி விடிந்தது, அதே இடத்தில் அதே அளவில் பொட்டு இருந்தது. எதிரே ஆடுகளோடு ஒரு கிழவர் வந்தார்.

"ஏனுங்க, அடுப்படி எத்தன தூரமுங்க?"

"நேத்து நான் அங்கிருந்து பொறப்பட்டப்பப் பக்கந்தானுங்க" என்றார் கிழவர், புகையிலையை ஒதுக்கிக்கொண்டு. "இப்பத்தான், என்ன எழவோ, நான் நடக்க நடக்கப் பின்னாடி நீண்டுக்கிட்டே வருது. யாரோ வண்டி ஓட்டறானாட்ட இருக்குது."

திருமூர்த்தி வண்டியை நிறுத்தினார். தன் மீட்டரைப் பார்த்தார். ஆயுசெல்லாம் மீட்டர் பார்த்த மனிதருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் ஓட்டிய ஒவ்வொரு மைலும் அவருக்கு முன்னால் போய், அவருக்கும் மயிலாத்தாளுக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தது. அவளை நோக்கி ஓட்டினாலும் அதுவும் ஓட்டிய கணக்குத்தான். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டே வந்தார். உருட்டினாலும் சக்கரம் சுற்றுமே என்பது பாதி வழியில்தான் உறைத்தது. உட்கார்ந்து அழுதுவிட்டுப் பிறகு, அனிபாவின் ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, பல்லக்குத் தூக்குகிற மாதிரி வண்டியைத் தோளில் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு அவர் ஓட்டவில்லை. சாவியை ஆணியில் மாட்டினார். ஓடாத வண்டியைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து நாச்சிமுத்து வந்து, "அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு ஸ்டாப்பக் காணோமுங்ணா" என்றான். தூரம் சுருங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் பத்து இருபது நாள் சும்மா கிடந்தால் நடந்தே போய்விடலாம் என்று திருமூர்த்தி விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். அவர் சந்தோஷமாக விரல் மடக்கியதை நாச்சிமுத்து சந்தோஷமில்லாமல் பார்த்தான்.

நான்காம் நாள் தூரம் சுருங்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு ஸ்டாப் திரும்பி வந்துவிட்டது.

வண்டியை வைத்திருக்கிறவனுக்கு வண்டி சொல்லும். சீட்டைத் தொட்டார், சூடு. கண்ணாடி யாரோ குள்ளமானவருக்குத் தோதாகத் திரும்பியிருந்தது. செயினைத் தொட்டு முகர்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள், செத்த வீட்டில்கூட அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை என்று சொன்னார்கள்.

"செயினுக்குத் தேங்காயெண்ணெய் போட்டது யாரு?" என்றார்.

மத்தியானம் அவர் கண்ணயர்கிற நேரத்தில், ஊர் முறை வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துத் தாராபுரம் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தது. விசாரிக்க வேண்டிய வேலையே இல்லை. எல்லாரும் அங்கேயேதான் நின்றார்கள்.

"காஞ்சு கெடந்துச்சுங்ணா, பாவமா இருந்துச்சு, அதான் ரெண்டு சொட்டு" என்றான் நாச்சிமுத்து.

"காஞ்சு கெடக்கலடா. சுத்தமாக் கெடந்துச்சு."

கவுன்சிலர் தனலட்சுமி முன்னால் வந்தார். "அண்ணா, உங்க வீடுன்னு மட்டும் பாக்காதீங்க. இது இப்ப ஊர் ரோடு. பஸ் ஓடுது, கட நடக்குது, ஆடு மேயுது. வாரத்துல ரெண்டு நாள் எடுத்து ஓட்டுனா ரோடு இந்த அளவுல நிக்கும். நீங்க ஓட்ட வேண்டாம், உங்களுக்கு வயசாச்சு. நாங்க பாத்துக்கறோம்."

"ரோட்டுக்குக் கடைசியில என்ற பொண்டாட்டி முடியாமப் படுத்திருக்கறா."

"அக்காவுக்காக நாங்க வேண்டாத சாமியாங்ணா? நம்ம ராவுத்தர்கூடப் பள்ளிவாசல்ல துவா கேட்டிருக்கறாரு."

"கேட்டிருப்பாரு" என்றார் திருமூர்த்தி. "துவா கேட்டுட்டு வந்து வண்டியும் ஓட்டியிருக்கறாரு. மூணாவது கியர் போடறப்ப கிளட்ச்ச முழுசாப் புடிக்கோணும் பாய்."

அனிபா ராவுத்தர் டீ கிளாஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

வேறு ஒருவராக இருந்திருந்தால் கத்தியிருப்பார். திருமூர்த்திக்குக் கத்தத் தெம்பில்லை. எத்தனையோ வருஷத்து ரோடெல்லாம் ஒரே சமயத்தில் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. சாக்கை விரித்தார். டூல்ஸ் பையைத் திறந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பூட்டுக்கண்ணியின் சின்னக் கிளிப்பை எடுத்து, செயினைக் கழற்றினார். கழற்றியதை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் தேங்காயெண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு செயினை வெளியே எடுத்துக்கொண்டு போக அவர் கை ஒப்பவில்லை. மண்ணெண்ணெயில் போட்டுக் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, துணியில் துடைத்து, வெயிலில் ஆறவைத்து, அதன் பிறகு கல்யாண மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சும்மா நிற்கிற வண்டி, எப்போதாவது ஓடுவோம் என்று நினைத்துக்கொண்டு நிற்கும். செயின் போன வண்டிக்கு அந்த நினைப்பும் போய்விடும். அது கூடத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து, பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மினிபஸ் வாசலில் நின்றது. திருமூர்த்தி படியில் காலை வைத்தார்.

"எடமில்லீங்ணா" என்றான் நாச்சிமுத்து, அவர் முகத்தைப் பார்க்காமல். அவனுக்குப் பின்னால் பஸ் முழுக்கக் காலியாக இருந்தது.

"சேரி" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

நடந்தார் என்றால், ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த காலிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நடந்தார். காலண்டரைத் தாண்டினார், அலமாரியைத் தாண்டினார், கட்டிலின் மேல் ஏறிப் படுத்து ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டு மறுபடி நடந்தார். செயின் கழுத்தில் கனத்தது, அதை இறக்கி வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்று இறக்காமலே நடந்தார். கட்டிலுக்கு அப்பால் அவர் வண்டியில் பறந்தபோது கண்ணில் படாததெல்லாம் நடக்கும்போது காலில் பட்டது. தரை வெளுத்து உப்பாயிற்று. இது கட்ச் அல்லவா என்று நினைப்பதற்குள் ஆரஞ்சு வாசனை அடித்தது. ஆரஞ்சு முடிவதற்குள் ஒரிசாவின் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் மூச்சு முட்டியது, காது அடைத்தது, சுவரோரமெல்லாம் பனி குவிந்து கிடந்தது. அந்தப் பனியில் பார்த்தார்: அகலமான, குதிகால் வெடித்த, வெறுங்காலின் தடங்கள். போகிற தடம், வருகிற தடம். தடங்களுக்குப் பக்கத்தில், ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளக் கையிலிருந்ததைக் கீழே வைத்த மாதிரி, டம்ளரின் அடிப்பாகம் பதிந்த வட்டம். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் திருமூர்த்தி வெகுநேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அந்தத் தடங்களின் மேலேயே காலை வைத்து வைத்து நடந்தார்.

நீலக் கதவு திறந்தே இருந்தது.

மயிலாத்தாள் ஆட்டாங்கல்லை ஒட்டிப் பாயில் கிடந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. செயினின் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டீங்களா."

"வந்துட்டேன்."

"வண்டி?"

"அங்கயே கெடக்குது. நடந்துதான் வந்தேன்."

அவள் அவர் காலைப் பார்த்தாள். வீங்கிப்போய், செருப்பு வார் பதிந்து, யாருடைய காலோ மாதிரி இருந்தது. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழக்க தோஷம், ஆரம்பித்துவிட்டார்: "அந்தக் கணவாய் இருக்குது பாரு மயிலு, உனக்குத் தெரியாது, அங்க அடிக்கற குளிரு இருக்குதே..."

"தெரியுமுங்க" என்றாள் மயிலாத்தாள். "காபி ஆறுனது அங்கதான்."

கணவாயைக் காட்ட எழுந்த அவர் கை கீழே இறங்கியது.

"மழை பேயற எடத்துல முந்தானைய மூடித்தான் சோத்தக் கொண்டாந்தேன். அப்படியும் ரசத்துல தண்ணி எறங்கிருச்சு. ரசம் நீத்தமா இருக்குதுன்னு சொன்னீங்க."

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"நீங்க போன்ல யாருக்கோ படம் காட்டிட்டு இருந்தீங்க. நடுவுல எங்க சொல்றது." பேசியதே அவளுக்குக் களைப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

திருமூர்த்தி அவள் பக்கம் குனிந்து, "பசிக்குதா?" என்றார். கல்யாணம் ஆன நாளாக அந்தக் கேள்வி அவர் பக்கத்திலிருந்து வந்ததில்லை. அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"கஞ்சி இருந்தாக் குடிப்பேன்."

"எங்க இருக்குது?"

"வெச்சாத்தானுங்க இருக்கும்."

அவர் எழுந்தார். அரிசி எந்த டப்பாவில் என்று தெரியாமல் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். அவள் கண்ணாலேயே மேல்தட்டைக் காட்டினாள். அடுப்பைப் பற்றவைத்து, கார்புரேட்டருக்குக் காது கொடுக்கிற மாதிரி அதன் சத்தத்துக்குக் காது கொடுத்துத் திருகித் திருகித் தீயைச் சரிபண்ணினார். தீ சரியாகத்தான் இருந்தது, தண்ணீர்தான் போதவில்லை. கிண்டக் கிண்ட இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு வழியாக ஆற்றி, உப்புப் போட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். பாதி குடித்தாள்.

"அடிபுடிச்சிருக்குது" என்றாள். மீதியையும் குடித்தாள். பிறகு அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்து, வாயைத் திறந்து, லேசான குறட்டையோடு தூங்கிப்போனாள்.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. முதலில் எங்கோ தூரத்தில் பஸ் ஹாரன். கொஞ்ச நேரத்தில் அதே ஹாரன் கிட்டத்தில். ஆடுகள் கத்தின, பாய்லர் கிண்ணென்றது, ஸ்கூட்டர்கள் அலறின. மழையும் உப்பும் ஆரஞ்சும் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருண்டு வந்தன. மைல்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. மேகத்திலிருந்து ஓட்டுக்கூரை இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது நீலக் கதவு நிறைய ஊர் நின்றது. மினிபஸ் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே மூக்கை நீட்டி மாட்டிக்கொண்டிருந்தது. கவுன்சிலர் தனலட்சுமி கட்டிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒருபக்கமாக நின்றார். அனிபா ராவுத்தர் கொதிக்கிற பாய்லரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார், இறக்கி வைக்க இடமில்லை. கூடத்தில் செயினில்லாத வண்டியின் மேல் நாலு ஆடுகள் ஏறி நின்றன. எல்லாருக்கும் முன்னால், கதவு நிலையில் நசுங்கிக்கொண்டு, நாச்சிமுத்து.

"அண்ணா, ரோடு போச்சு" என்று ஆரம்பித்தான்.

திருமூர்த்தி உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாத. அவ தூங்கறா."

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். குரலை இறக்கினான். "எப்பங்ணா எந்திரிப்பாங்? வாசல்ல வழியில்லீங், அக்கா எந்திரிச்சு அந்த ஆட்டாங்கல்லக் கொஞ்சம் நகத்துனாத்தான் நாங்க ஒவ்வொருத்தரா அசைய முடியும்."

"நெம்ப தூரம் நடந்திருக்கறா" என்றார் திருமூர்த்தி. "அவளா எந்திரிக்கட்டும்."

டிரைவர் எஞ்சினை அணைத்தார். யாரோ ஒரு ஆட்டின் வாயைப் பொத்தினார்கள். அழப்போன ஒரு குழந்தைக்கு யாரோ வெல்லம் கொடுத்தார்கள். கவுன்சிலர் சைகையில் தண்ணீர் கேட்டார். திருமூர்த்தி பானையிலிருந்து மொண்டு கொடுக்க, டம்ளர் கை மாறிக் கை மாறி, ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் அவர் வரைக்கும் போயிற்று. ராவுத்தரின் கை சோர்ந்தபோது பக்கத்திலிருந்த இரண்டு பேர் பாய்லருக்குத் தாங்கல் கொடுத்தார்கள். திருமூர்த்தி கழுத்திலிருந்த செயினை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, கதவு நிலையின் குறுக்கே வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தார். கண்டக்டரோ கவுன்சிலரோ அந்தக் காலைத் தாண்டவில்லை.

சாயங்காலம் மயிலாத்தாள் புரண்டு படுத்தாள். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் கையை நீட்டித் தலையணையைத் தேடி, அதை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மறுபடி தூங்கினாள்.